பிடித்த கையை விடுவிப்பதில் இருக்கும் இயற்பியல்

யாராவது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தால் முதலில் நாம் செய்வது, கையை வெடுக்கென்று பின்னால் இழுப்பது. பிடித்தவர் பலசாலி என்றால் அது பலிக்காது. மணிக்கட்டைவிட உள்ளங்கை அகலம், அதனால் சின்ன வளையலைக் கழற்றுகிற மாதிரி அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

சரி, அந்தப் பிடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் நான்கு விரல்கள், எதிர்ப்பக்கம் கட்டைவிரல் மட்டும், இரண்டும் சந்திக்கிற இடம்தான் பிடி பிளக்கக்கூடிய இடம். மணிக்கட்டு உருண்டையாக இல்லை, தட்டையானது. ஆகவே முன்கையைத் திருப்பி அதன் ஒடுங்கிய விளிம்பை அந்த இடைவெளிக்கு நேராக வைத்து, ஒரு அடி முன்னால் போய், நம் முழங்கையை மடக்கி அவருடைய முழங்கையை நோக்கித் தள்ளினால் முன்கை ஒரு நெம்புகோலாகிவிடும். இப்போது நம் உடல் எடை மொத்தமும் மோதுவது அவருடைய ஒற்றைக் கட்டைவிரலோடு.

முன்னால் போவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இழுக்கிறவர் கொஞ்சமாவது பின்னால் சாய்ந்துதான் இழுப்பார். நாமும் எதிர்த்து இழுத்தால் அவருக்கு ஊன்றுகோல் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதில் அவர் இழுக்கும் திசையிலேயே போய்விட்டால் அவருடைய ஈர்ப்பு மையம் குதிகாலைத் தாண்டிவிடும், விழாமல் இருக்கக் காலை எடுத்து வைத்தே ஆக வேண்டும். ஜப்பானின் பழைய தற்காப்புக் கலையான ஜுஜுட்சுவில் இருந்த இந்தச் சமநிலை கலைக்கும் வித்தையைத்தான் காணோ ஜிகோரோ, 1882-ல் தொடங்கிய தன் ஜூடோ பள்ளியில் அடிப்படைப் பாடமாக்கினார்.

லண்டனில் ஜுஜுட்சுவைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த எடித் கரட்டின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. பெண்கள் வாக்குரிமைப் போராட்டத் தலைவர்களைப் போலீசிடமிருந்து காக்க 1913-ல் உருவான பெண்கள் படைக்கு ஜுஜுட்சு பயிற்சி அவருடையதுதான்.

ஆனால் பயம் வந்தால் அட்ரினலின் ஏறும், இதயம் படபடக்கும், விரல்களின் நுணுக்கமான வேலை சொதப்பும். ஏழெட்டு அசைவுகளில் எதிராளியின் மூட்டை முறுக்கிப் பூட்டும் வித்தை காட்டும் வீடியோக்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். முழங்கையை மடக்கித் தள்ளுவது போன்ற பெரிய அசைவுகள் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது, அதுவும் பழகியிருந்தால்தான். பழகும்போது தோழி பூப்போலப் பிடித்தால் பிரயோஜனமில்லை, நிஜமாகவே இறுக்க வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் கையை மாற்றியும் பிடிக்க வேண்டும். அப்புறம், பிடி விட்டதும் கத்திக்கொண்டே ஓடுவதையும் சேர்த்தே பழகுங்கள், மறுபடி பிடிக்க அவருக்கு ஒரு நொடி போதும்.