ஒரு ஏக்கரில் மரம் வைக்கப் போகிறீர்களா? முதலில் வரப்பைப் பாருங்கள்

அம்பத்தூரிலோ தாம்பரத்திலோ குடியிருப்பார்கள். மதுராந்தகம், உத்திரமேரூர், ஊத்துக்கோட்டை பக்கம் அப்பா காலத்து நிலம் ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ இருக்கும். பயிர் வைக்க ஆள் கிடைப்பதில்லை, சும்மா போடவும் மனசு வரவில்லை. "சார், பேசாம மரம் வெச்சுடலாமா? எது வெச்சா நல்ல காசு?" பண்ணை மர வளர்ப்புக்கு ஆலோசனை சொல்லும் எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். கையில் ஏற்கெனவே ஒரு வாட்ஸ்அப் விளம்பரம் இருக்கும்: ஏக்கருக்கு இத்தனை செம்மரம், பதினைந்து வருடத்தில் இத்தனை கோடி.

அந்தக் கணக்கை நம்பி நிலம் முழுவதையும் ஒரே மரத்தால் மூடிவிடாதீர்கள். செம்மரத்தில் வைரம், அதாவது விலை போகிற நடுக்கட்டை, ஏற ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சி வளர்கிற மரம், துணைச்செடி இல்லாமல் தனியே நட்டால் தேறாது. இரண்டையுமே வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டவோ ஏற்றவோ முடியாது. திருட்டுக்குக் காவல் வேறு. சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறவருக்கு இது ஒத்துவராது என்பதுதான் என் கருத்து.

சிறு நிலத்தில் மரத்துக்கு உரிய இடம் வரப்பு. சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்று வரப்பு சுமார் 830 அடி வரும். தழை உரத்துக்கு வளர்க்கும் கிளைரிசிடியாவில் 3 அடிக்கு ஒரு போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) என்றாலே 270 மரங்கள், அதுவும் நடவு நிலத்தில் ஒரு அடிகூடக் குறையாமல். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமனான முற்றிய கிளையை 4 அடி நீளத்துக்கு, அடிப்பக்கம் சாய்வாக வெட்டிக்கொள்ளுங்கள். கடப்பாரையால் துளை போட்டு ஒரு அடி ஆழம் இறக்கி, சுற்றி மண்ணை நன்றாக மிதித்துவிட வேண்டும். துளை போடாமல் சுத்தியலால் அடித்து இறக்கினால் பட்டை உரிந்து, துளிர்க்காமலே காய்ந்துவிடும். ஆடி, ஆவணி மழையில் நட்டால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். ஒரு வருடம் கழித்து 3 அடி உயரத்தில் கவாத்து செய்யத் தொடங்கலாம். சம்பா நடவுக்கு முன் அந்தத் தழையை வயலில் போட்டு மிதித்து உழுதுவிட்டால் யூரியா மூட்டை குறையும். நெல்லுக்கு ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தழை என்பது பரிந்துரை. நன்றாக வளர்ந்த வேலியிலிருந்து அதில் நல்ல பங்கு வந்துவிடும்.

உயரமான மரத்தை எந்த வரப்பில் வைப்பது? இதைக் கேட்காமலே நடுகிறவர்கள்தான் அதிகம். சம்பா கதிர் கட்டுகிற மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். 30 அடி மரத்தின் நிழல் உச்சிவேளையிலேயே வடக்கே 20 அடிக்கு மேல் விழும். தெற்கு வரப்பில் தேக்கை வரிசையாக வைத்தால் அந்த 20 அடிக்குப் பதர்தான் மிஞ்சும். அதனால் தெற்கில் அகத்தி, கிளைரிசிடியா மாதிரி வெட்டி வெட்டிக் குட்டையாக வைத்துக்கொள்ளக்கூடியவை. கிழக்கிலும் மேற்கிலும் வேம்பு, பூவரசு, புங்கன் என்று இடைவெளி விட்டு நடலாம். வடக்கே வாய்க்காலோ வண்டிப்பாதையோ இருந்தால் அங்கே பெரிய மரம் வைக்கலாம். பக்கத்து வயல் இருந்தால் நட்ட பிறகு சமாதானம் பேசுவது கஷ்டம், முன்னாலேயே போய்ப் பேசிவிடுங்கள்.

மண்ணைப் பார்க்காமல் மரம் வாங்கவே கூடாது. மதுராந்தகம் பக்கத்துக் களிமண் வயலில் மழைக்காலத்தில் தண்ணீர் நின்றால் தேக்கு தேறாது. அங்கே நீர்மருது தாங்கும். செய்யூர் பக்கத்து மணலில் சவுக்கு நன்றாக வரும். நிலம் முழுக்க மரம்தான் என்று முடிவே செய்துவிட்டவர்களுக்கு நான் சொல்வதும் சவுக்குதான். மூன்று நான்கு வருடத்தில் வெட்டலாம், வேர் முடிச்சுகளால் காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். கட்டிடச் சாரத்துக்கும் பந்தலுக்கும் சென்னையிலேயே தேவை இருக்கிறது, காகித ஆலைகளும் வாங்குகின்றன. ஆனால் லாரி வயல்வரை வருமா என்று நடும் முன்பே பாருங்கள். வெட்டிய மரத்தைத் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவர நேர்ந்தால் லாபம் கூலியிலேயே கரைந்துவிடும்.

நர்சரியில் உயரமான கன்றைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு கன்றின் பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். அடியில் வேர் பந்துபோலச் சுருண்டு கிடந்தால், பையிலேயே அதிக நாள் இருந்துவிட்டது என்று அர்த்தம். நட்ட பிறகும் அந்த வேர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், ஆழம் போகாது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வீசியபோது சென்னையில் வேரோடு சாய்ந்து கிடந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு, மேலோட்டமான வேர் என்றால் என்ன என்று தெரியும். ஒன்றரை அடி உயரக் கன்று, நேராக இறங்கிய வேர், அது போதும்.

மரத்தை வெட்டினால்தான் வருமானம் என்ற நினைப்பும் மாற வேண்டும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். பொறுக்கிக் காயவைத்து எடுத்த பருப்பு 10 கிலோ இருந்தால், இடித்து ஊறவைத்து வடிகட்டி 200 லிட்டர் தண்ணீரில் பூச்சிக்குத் தெளிக்கும் 5 சதவீதக் கரைசல் தயார். ஒரு ஏக்கருக்கு ஒரு தெளிப்புக்கு அது போதும். ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு அகத்தியும் சூபாபுல் (சவுண்டல்) தழையும் கோடையில் பெரிய கை கொடுக்கும். சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு, அதனால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

நட்ட மரங்களை அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு) ஏற்றச் சொல்லி கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே கேளுங்கள், பிற்பாடு வெட்டும்போது உங்கள் மரம்தான் என்று காட்ட அது உதவும். வரப்பில் பனை இருந்தால் தொடாதீர்கள், அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். கன்றுக்குக் காசு செலவழிக்கும் முன் அரசின் உழவன் செயலியைப் பாருங்கள். பசுமைப் போர்வை இயக்கத்தில் விவசாயிகளுக்குக் கன்றுகள் இலவசமாகத் தருகிறார்கள்.

அப்புறம், ஆடு. முதல் இரண்டு கோடைக்கு வேலிமுள் கட்டுவதற்கும், வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்ற ஊரில் ஒருவருக்குக் கூலி கொடுப்பதற்கும் பணத்தைத் தனியே எடுத்துவையுங்கள். அது இல்லையென்றால் இந்த வருடம் ஒரு வரப்பு மட்டும் நடுங்கள்.