நெய்பர்ஹுட் ஃபார்மிங்: வட்டார வாடிக்கை வளர்ப்பு

அமெரிக்காவில் வீடு விற்றுத் தரும் ஏஜென்ட் ஒருவர் தமக்கு 400 வீடுகள் கொண்ட ஒரு ‘ஃபார்ம்’ இருப்பதாகச் சொன்னால், அவருக்கு ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. எல்லை வகுத்த ஒரு குடியிருப்புப் பகுதியைத் தேர்ந்துகொண்டு, அங்குள்ள வீட்டுக்காரர்களுக்கு ஆண்டுக்கணக்கில் தம் பெயரை நினைவூட்டிவந்து, அவர்களுள் எவரேனும் வீட்டை விற்க முடிவெடுக்கும் நாளில் முதலில் தம்மையே அழைக்கும்படி செய்துகொள்ளும் விற்பனை உத்திக்கு அந்தத் தொழிலில் வழங்கும் பெயர் ‘நெய்பர்ஹுட் ஃபார்மிங்’. ‘ஜியோகிராபிக் ஃபார்மிங்’ என்றும் சொல்வதுண்டு. தேர்ந்துகொண்ட பகுதியே ‘ஃபார்ம்’. அதில் செய்யும் இடைவிடாத பணியே ‘ஃபார்மிங்’.

இந்த உத்தி வாங்குபவரை நோக்கியதன்று, விற்பவரை நோக்கியது. அங்கே வீட்டை விற்க விரும்புபவர் பெரும்பாலும் ஒரே ஏஜென்டிடம் தனியுரிமை ஒப்பந்தம் எழுதித் தருகிறார். ஒப்பந்தக் காலத்துக்குள் வாங்குபவரை யார் அழைத்துவந்தாலும் விற்பனை தரப்பின் கமிஷன் அந்த ஏஜென்டுக்கே சேரும். ஆகவே, வீட்டுக்காரரின் மனத்தில் முதல் இடம் பிடிப்பதற்காகப் பல ஆண்டுகள் பணம் செலவிடுவது அவருக்குக் கட்டுப்படியாகிறது. தமிழ்நாட்டில் வீட்டை விற்க நினைப்பவர் ஒரே சமயத்தில் நாலைந்து புரோக்கர்களிடம் சொல்லிவைப்பார். பார்ட்டியை முடித்துத் தருபவருக்கே தரகு. நம் ஊர்த் தரகருக்கும் தம் பேட்டையின் சந்துபொந்தெல்லாம் தெரியும் என்றாலும், விற்பவரிடம் நெடுங்கால முதலீடு செய்ய அவருக்குக் காரணம் இல்லை. இந்தச் செயலுக்கு நம்மிடம் ஆயத்தமான சொல் இல்லாததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

பகுதியைத் தேர்வதற்கு ஒரு கணக்கு உண்டு. ஓராண்டில் விற்பனையான வீடுகளை அப்பகுதியின் மொத்த வீடுகளால் வகுத்தால் கிடைப்பது ‘டர்ன்ஓவர்’. தமிழில் கைமாற்ற வீதம் எனலாம். 400 வீடுகளில் ஆண்டுக்கு 24 வீடுகள் கைமாறினால் அது 6 விழுக்காடு. அவற்றில் கால் பங்கைப் பிடித்தாலும் 6 விற்பனைகள். சராசரி விலை 4 லட்சம் டாலர், தம் தரப்புக் கமிஷன் 2.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஒரு வீட்டுக்கு 10,000 டாலர் வரும். ஏற்கெனவே ஒரே ஏஜென்ட் பெரும்பான்மை விற்பனைகளைக் கையில் வைத்திருக்கும் பகுதியில் நுழைவது வீண் என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள். ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 6 விழுக்காடு என்பது ஒரு வீடு சராசரியாகப் பதினாறு, பதினேழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே கைமாறுகிறது என்று பொருள்படும். இன்று அஞ்சலட்டை பெறும் 400 பேரில் 376 பேருக்கு இந்த ஆண்டு ஏஜென்டே தேவையில்லை. தொழிலில் புதியவர்கள் பலர் சில மாதங்களில் கைவிட்டுவிடுவதற்கு இந்த உண்மையே போதுமானது.

பணியின் முதன்மையான கருவி இன்றும் அஞ்சலட்டைதான். ‘இந்தத் தெருவில் இன்ன வீடு விற்பனைக்கு வந்துள்ளது’, ‘இன்ன வீடு இன்ன விலைக்கு விற்றது’ என்று அச்சிட்டு அனுப்பும் அட்டைகள், பக்கத்து வீட்டு விலையை அறிந்துகொள்ளும் ஆவலை மூலதனமாகக் கொண்டவை. பெயரும் முகவரியும் இல்லாமல் ஒரு தபால்காரரின் சுற்றில் உள்ள எல்லா வீடுகளுக்கும் அட்டை போடும் திட்டத்தை அமெரிக்க அஞ்சல் துறை 2011-இல் தொடங்கியது, இவர்களுக்குப் பெரும் வசதியாயிற்று. அஞ்சல் கட்டணம் செலுத்தாத துண்டறிக்கையை வீட்டு அஞ்சல்பெட்டிக்குள் இடுவது அங்கே சட்டவிரோதம் என்பதால், நேரில் செல்பவர்கள் அதைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வருகிறார்கள். தொலைபேசியில் அழைக்கலாம் என்றால், விற்பனை அழைப்பு வேண்டாம் என்று பதிந்துகொள்ளும் தேசியப் பட்டியல் 2003 முதல் குறுக்கே நிற்கிறது. ‘உங்கள் வீடு ஏற்கெனவே வேறொரு ஏஜென்டிடம் இருந்தால் இதை அழைப்பாகக் கொள்ள வேண்டாம்’ என்னும் பொடி எழுத்து வாசகம் அட்டையின் அடியில் பெரும்பாலும் இருக்கும். பிறருடைய தனியுரிமை ஒப்பந்தத்தில் தலையிடலாகாது என்னும் தொழில் ஒழுக்க விதியின் விளைவு அது.

சொல்லின் வரலாறு எதிர்பாராத திசையிலிருந்து தொடங்குகிறது. ஆங்கில ‘ஃபார்ம்’ முதலில் உழவைக் குறிக்கவில்லை. உறுதியானது என்று பொருள்படும் லத்தீன் ‘ஃபிர்முஸ்’ என்னும் சொல்லின் வழியில், நிர்ணயித்த தொகை என்ற பொருளில் இடைக்கால லத்தீனில் ‘ஃபிர்மா’ வழங்கியது. அது பழைய பிரெஞ்சில் ‘ஃபெர்ம்’ ஆகி ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஆண்டுதோறும் கட்ட வேண்டிய குத்தகைப் பணத்தைக் குறித்தது. பிறகு குத்தகைக்கு விட்ட நிலத்தையும், இறுதியாகப் பயிர் செய்யும் எந்த நிலத்தையும் குறிக்கலாயிற்று. அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு மக்களிடம் வரி வசூலித்துக்கொள்ளும் உரிமை பெற்றவரும் ஒரு காலத்தில் ‘ஃபார்மர்’தான். பிரிட்டிஷ் ஆட்சியில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அபினி விற்பனை உரிமையை ஏலத்தில் விட்ட முறைக்கு ஆங்கிலத்தில் ‘ஃபார்ம்’ என்றே பெயர். அதைத் தமிழில் அபினிக் குத்தகை என்றால் மிகச் சரியாகப் பொருந்தும்.

தரகர்களின் சொல் இந்தக் குத்தகைப் பொருளிலிருந்து வரவில்லை, பயிரிடும் பொருளிலிருந்து வந்தது. ஆங்கில விற்பனை வழக்கில், புதிய வாடிக்கையாளரைத் தேடித் துரத்துபவர் வேட்டைக்காரர், உறவைப் பேணி வளர்த்துப் பயன் காண்பவர் உழவர். அந்தப் பாகுபாட்டின் உழவர் பக்கத்தைச் சேர்ந்தது இந்த உத்தி. ஆகவே ‘வட்டாரக் குத்தகை’ என்று பெயர்த்தால் பிழையாகும். இங்கே யாரும் யாருக்கும் தனியுரிமை தரவில்லை, ஒரே தெருவை இரண்டு ஏஜென்டுகள் ‘பயிரிட’ எந்தத் தடையும் இல்லை.

‘அண்டைப்புற வேளாண்மை’ என்னும் நேர்பெயர்ப்பு இன்னும் மோசம். படிப்பவர் மாடித்தோட்டத்தையும் கீரைப்பாத்தியையும்தான் நினைப்பார். ஆயினும் வேளாண்மை என்னும் சொல்லை விட்டு விலகுமுன் ஒன்று சொல்ல வேண்டும். ‘விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு’ என்னும் குறளில் அச்சொல்லுக்கு உபகாரம் என்பதே பொருள். அக்டோபரில் தம் பகுதியின் வாசல்தோறும் பரங்கிக்காய் வைத்துவிட்டுப் போகும் அமெரிக்க ஏஜென்ட் செய்வதும் ஒருவகை உபகாரந்தான், கைம்மாறு கருதியது என்றாலும்.

‘பண்ணை’யும் உதவாது. காற்றாலைப் பண்ணை, கோழிப்பண்ணை ஆகியவற்றில் உடைமையும் கட்டுப்பாடும் உள்ளன. தரகருக்கு இரண்டும் இல்லை. எனவே உவமையைக் கைவிட்டுச் செயலைச் சொல்லும் பெயரே நல்லது. ‘வாடிக்கை பிடிப்பது’ என்பது நம் கடைத்தெருவில் புழங்கும் தொடர். பிடிப்பதில் வேட்டையின் அவசரம் இருப்பதால் வளர்ப்பு என்று மாற்றிக்கொண்டு, செயலை ‘வட்டார வாடிக்கை வளர்ப்பு’ என்றும், தேர்ந்துகொண்ட பகுதியை ‘வாடிக்கை வட்டாரம்’ என்றும் வழங்கலாம். வீட்டை ஒருவர் அடிக்கடி விற்பதில்லையே, அதை வாடிக்கை எனலாமா என்று கேட்கலாம். இங்கே வாடிக்கையாக நிகழ்வது விற்பனையன்று, தொடர்பு. இடத்தால் அல்லாமல், ஓய்வுபெற்றோர், முதல் வீடு வாங்குவோர் என வகையால் ஆட்களைத் தேர்வதை ‘வகைவழி வாடிக்கை வளர்ப்பு’ என்று பிரித்துச் சொல்லலாம்.

சொல்லை ஆளும்போது அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் ஒரு பகுதியில் வீடு வீடாகச் சென்று விற்கத் தூண்டுவதற்கு அமெரிக்காவில் இருண்ட வரலாறு ஒன்று உண்டு. கறுப்பினக் குடும்பங்கள் குடிவரப் போகின்றன, விலை சரியும் என்று வெள்ளையரை அச்சுறுத்தி, அவர்களுடைய வீடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கறுப்பினத்தவருக்குக் கொள்ளை விலையில் விற்ற ‘பிளாக்பஸ்டிங்’ அது. 1968-இன் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் அதைத் தடைசெய்தது. ஓயாத தரகுத் தொல்லைக்கு உள்ளாகும் பகுதிகளைத் தனியே அறிவித்து, அங்கே பெயரைப் பதிந்துகொண்ட வீட்டுக்காரரை எந்தத் தரகரும் அணுகாமல் தடுக்க நியூயார்க் மாநிலச் சட்டம் வழிசெய்கிறது. இத்தகைய நெருக்குதலை வாடிக்கை வளர்ப்பு என்று அழைத்தால் சொல்லுக்கே இழுக்கு.

இணைய விளம்பரத்தையும் சிலர் ‘ஃபார்மிங்’ என்றே குறிப்பிடுகிறார்கள். வீட்டுவசதி விளம்பரங்களில் பாகுபாடு நிகழ்வதாகத் தொடுத்த வழக்குகளில் 2019-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஃபேஸ்புக் அமெரிக்காவில் அவ்விளம்பரங்களை வயது, பாலினம், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றால் குறிவைக்க முடியாதபடி செய்து, குறைந்தது 15 மைல் ஆரம் கொண்ட வட்டத்துக்கே காட்ட இசைந்தது. 400 வீடுகள் கொண்ட தெருக்கூட்டத்தை மட்டும் அங்கே தனியே பிரித்தெடுக்க இயலாது. 15 மைலுக்கு விரியும் அத்தகைய விளம்பரத்தை வெறுமனே விளம்பரம் என்றே எழுதிவிடலாம்.