தலைவரின் அந்தரங்கம் நம் வாக்கை எப்படி அசைக்கிறது?

பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு விலைக்காகக் காத்திருக்கும் நேரத்தில்தான் போன்கள் கைமாறும். தேர்தல் நெருங்கிவிட்டால் அதில் ஏதாவது ஒரு தலைவரின் அந்தரங்க வீடியோவோ ஆடியோவோ வந்து சேர்ந்திருக்கும். “ணா, இதப் பாத்தியா?” என்று ஒருவர் நீட்டுவார். அதில் இருப்பவர் தன் கட்சிக்காரர் என்றால் பதில், “அது அவங்க வீட்டு விஷயம்பா. ரோடு போட்டாரா இல்லையா, அதப் பேசு.” எதிர்க்கட்சிக்காரர் என்றால், “கட்டுனவளுக்கே உண்மையா இல்லாதவன் ஊருக்கு என்னத்த செய்யப்போறான்?”

ஒரே மனிதர் ஒரே வாரத்தில் இந்த இரண்டையும் சொல்வார், இரண்டையும் மனதார நம்பித்தான் சொல்வார். அது எப்படி நடக்கிறது என்று உளவியலாளர்களும் அரசியல் ஆய்வாளர்களும் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

நமக்குப் பிடித்த ஒருவர் தப்பு செய்துவிட்டார் என்று தெரிந்தால் மனம் சங்கடப்படும். அதிலிருந்து வெளியே வர ஒரு வழி, “அதொன்றும் பெரிய தப்பில்லை” என்று சமாதானம் சொல்லிக்கொள்வது. ஆனால் அப்படிச் சொன்னால் நம் ஒழுக்கத்தையே நாம் விட்டுக்கொடுத்தது போலாகிவிடும். அதைவிட வசதியான இன்னொரு வழி இருக்கிறது. மனம் இரண்டு கணக்கு நோட்டு போட்டுக்கொள்கிறது. ஒன்றில் ஆளின் நடத்தை, மற்றொன்றில் ஆளின் வேலை. “நடத்தை தப்புதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் வேலைக்காரர்” என்று இரண்டையும் ஒட்டாமல் வைத்துக்கொள்ளலாம். பட்டாசார்ஜி, பெர்மன், ரீட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. தப்பை நியாயப்படுத்துவதைவிட இப்படிப் பிரித்து வைப்பது மக்களுக்கு எளிதாக இருந்தது, தங்களிடமே குற்ற உணர்ச்சியும் குறைவாக இருந்தது.

இதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டன். வெள்ளை மாளிகையில் பயிற்சிக்கு வந்த இளம்பெண்ணோடு அவருக்கு இருந்த உறவு பற்றிய செய்தி 1998 ஜனவரியில் வெடித்தது. பதவி போய்விடும் என்றே பலரும் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். முதல் பத்து நாளிலேயே அவருடைய பணிக்கான ஆதரவு ஏறக்குறைய 10 புள்ளி ஏறியது. டிசம்பரில் பிரதிநிதிகள் சபை பதவிநீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றிய பிறகு காலப் நிறுவனம் எடுத்த கணிப்பில் அது 73 சதவீதம். ஆனால் நேர்மையானவரா என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றார்கள். நாட்டில் சண்டை இல்லை, வேலை கிடைக்கிறது, கொள்கையிலும் அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தீவிரமாகச் சாயவில்லை, மக்கள் பார்த்தது அதைத்தான் என்று ஜான் சாலர் என்ற அரசியல் அறிஞர் அப்போதே எழுதினார்.

தருமபுரிக்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கலந்து, பிள்ளைகளின் பல்லெல்லாம் பழுப்பேறி, பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகிப்போன ஊர்கள் இங்கே ஏராளம். ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. குழாயில் அந்தத் தண்ணீர் வருமா வராதா என்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய கேள்வி! அதை மனதில் வைத்து வாக்களிப்பவரை, ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்படாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பிரச்சினை, இந்த இரண்டு நோட்டும் நேர்மையாக எழுதப்படுவதில்லை என்பதுதான். நம்ம ஆள் என்றால் பிரித்து வைக்கிறோம், அடுத்த ஆள் என்றால் சேர்த்து வைக்கிறோம். அமெரிக்காவில் ஒரே கேள்வியை 2011-லும் 2016-லும் கேட்டார்கள்: சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுப் பணியில் நேர்மையாக இருக்க முடியுமா? முடியும் என்று சொன்ன வெள்ளையின சுவிசேஷ கிறிஸ்தவர்கள் 2011-ல் 30 சதவீதம், 2016-ல் 72 சதவீதம். நடுவில் வேதம் மாறவில்லை, அவர்கள் ஆதரித்த வேட்பாளர்தான் மாறினார். நம் ஊரில் சாதியும் கட்சியும் இந்த வேலையை இன்னும் ஆழமாகவே செய்யும்.

அப்புறம், திரும்பத் திரும்பக் கேட்பது என்று ஒன்று இருக்கிறது. 1977-ல் ஹேஷர், கோல்ட்ஸ்டைன், டோப்பினோ மூவரும் மாணவர்களிடம் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை சில வாக்கியங்களைக் கொடுத்து, எது உண்மையாக இருக்கும் என்று கேட்டார்கள். ஏற்கெனவே கேட்ட வாக்கியங்கள், அவை பொய்யாகவே இருந்தாலும், ஒவ்வொரு முறையும் கூடுதலாக உண்மை போலத் தோன்றின. பழகிய செய்தியை மூளை சிரமமில்லாமல் வாங்கிக்கொள்கிறது, அந்தச் சுலபத்தையே உண்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. ஒரே வீடியோ நாலு வாட்ஸ்அப் குழுவிலிருந்து வந்தால் நாலு சாட்சி சொன்னது போல இருப்பது இதனால்தான். இப்போது டீப்ஃபேக் வேறு வந்துவிட்டது. ஒருவர் முகத்தைப் பல கோணங்களில் காட்டும் படங்கள் நிறைய இருந்தால், மென்பொருள் அந்த முகத்தைப் பயின்று வேறொருவர் உடலில் பொருத்திவிடும். மேடையிலேயே வாழும் அரசியல்வாதிக்கு அப்படிப்பட்ட படங்களுக்கா பஞ்சம்?

சரி, செய்தி உண்மை என்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் துரோகம் செய்பவர் பதவியிலும் துரோகம் செய்வாரா? இதற்கு ஓரளவு நேரடியான ஆய்வு ஒன்று இருக்கிறது. திருமணமானவர்கள் வெளியுறவு தேடும் ஆஷ்லி மேடிசன் என்ற இணையதளத்தின் வாடிக்கையாளர் பட்டியல் 2015-ல் கசிந்தது. அதை சிகாகோ போலீஸ்காரர்கள், நிதி ஆலோசகர்கள், நிதிக் குற்றங்களில் சிக்கியவர்கள், நிறுவனத் தலைமை அதிகாரிகள் ஆகியோரின் விவரங்களோடு ஒப்பிட்டு, 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தத் தளத்தில் இருந்தவர்கள் தொழிலிலும் முறைகேடு செய்திருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

ஆக, “சம்பந்தமே இல்லை” என்பது சரியில்லை. ஆனால் இரண்டு மடங்கு என்பதைக் கேட்டு ஏமாறவும் கூடாது. கணக்குக்காக, சாதாரணமாக நூற்றுக்கு 4 பேர் முறைகேடு செய்வார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு என்றால் 8. மிச்சம் 92 பேர் செய்யாதவர்கள். கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் அந்த எண்ணை வைத்து உங்கள் தொகுதியில் நிற்கும் ஒருவரைத் தீர்மானித்தால் பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும். வயது வந்த இருவர் மனமொத்துப் பழகியது என் வாக்கைத் தீர்மானிக்க வேண்டிய விஷயமில்லை என்பதே என் கருத்து. அவரைக் கணிக்க அதைவிட நல்ல சான்றுகள் இருக்கின்றன.

மனமொத்து என்ற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. டோஹர்ட்டி, டவ்லிங், மில்லர் ஆகியோர் 2011-ல் ஒரு கற்பனை அரசியல்வாதியைப் பற்றி மக்களிடம் கேட்டார்கள். பாலியல் விவகாரம் என்றால் ஆள் மீதான மதிப்பு அதிகம் இறங்கியது, பண விவகாரம் என்றால் வேலை மீதான மதிப்பு அதிகம் இறங்கியது. பதவியைப் பயன்படுத்தினார் என்பதும் சேர்ந்தபோது தீர்ப்பு இன்னும் கடுமையானது. ஆகவே அதிகாரத்தைக் கவனிக்கும் கண் நமக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வீடியோ அந்தக் கண்ணை மூடிவிடுகிறது. எல்லாவற்றையும் “அசிங்கம்” என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. காதலும் அங்கேதான், வேலை கேட்டு வந்த பெண்ணை மிரட்டியதும் அங்கேதான்.

வாச்சாத்தி அரூர் பக்கம்தான் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடி கிராமத்தில் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-ல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது, 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்புக்கு அந்தப் பெண்கள் 19 ஆண்டு காத்திருந்தார்கள். அதிகாரம் ஓர் உடலை என்ன செய்யும், அதன் பிறகு எப்படி மறைக்கும் என்பது இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும் புகார் சொல்லும் பெண்ணையும் காதலித்த பெண்ணையும் ஒரே வார்த்தையால் ஏசுகிறோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்த பிறகும், ஊராட்சித் தலைவராகப் போட்டியிடும் பெண்ணை வீழ்த்த ஆதாரமே இல்லாத ஒரு வதந்தி போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆணுக்கு இரண்டு நோட்டு போடும் அதே ஊர், பெண்ணுக்கு ஒரே நோட்டுதான் போடுகிறது.

சட்டம் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. அடுத்தவர் மனைவியோடு, அவள் கணவனின் சம்மதமில்லாமல் உறவு வைத்துக்கொள்ளும் ஆணைக் குற்றவாளியாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்துவிட்டது. வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றி, பொய் என்று தெரிந்தே எதிர் வேட்பாளரோ அவருடைய முகவரோ செய்தி பரப்பினால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவின்படி அது ஊழல் நடவடிக்கை, வெற்றியே செல்லாமல் போகலாம்.

உண்மையான புகார் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தை. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். சொத்து, கடன் விவரங்களோடு நிலுவையில் உள்ள ஒவ்வொரு வழக்கின் முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையம், நீதிமன்றம், சட்டப் பிரிவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். வழக்கு உள்ள வேட்பாளர் அதைச் செய்தித்தாளில் மூன்று முறை விளம்பரமாகவும் கொடுத்தாக வேண்டும். பெண்ணை மானபங்கம் செய்த பிரிவோ, மிரட்டிய பிரிவோ இருந்தால் எண்ணோடு அங்கே நிற்கும்.