வெள்ளை வேட்டி நாயகனின் வழுக்காத கால்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்கும் சினிமாச் சண்டைக்கும் நெடுநாள் உறவு. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பத்தியில் வேட்டியை மடித்துக் கட்டிய நாயகன் ஒரே ஒரு குத்து விடுவான்; அடியாள் ஐந்து மீட்டர் பறந்து பர்மா தேக்குத் தூணில் மோதுவான். கதைப்படி நாயகன் சாதாரண விவசாயி. வரம் வாங்கியவனும் இல்லை, வேற்றுக் கிரகத்தவனும் இல்லை. இந்தக் காட்சி வரும்போதெல்லாம் என் அப்பத்தாவுக்கு ஒரே சந்தேகம்: "அவன் அங்கே போய் விழுகிறான், சரி. இவன் ஏனப்பா அசையாமல் நிற்கிறான்?"

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று 1687-இல் நியூட்டன் அச்சிட்ட மூன்றாம் விதியும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது.

அடியாளின் எடை 70 கிலோ என்று வைப்போம். 5 மீட்டர் தள்ளிப் போய் விழ ஆகக் குறைந்த செலவுள்ள வழி, 45 டிகிரி சாய்வில் கிளம்புவது. அதற்கே நொடிக்கு 7 மீட்டர் வேகம் வேண்டும். எடையையும் வேகத்தையும் பெருக்கினால் உந்தம் 490 அலகு.

நிஜக் குத்து எவ்வளவு தரும்? பிரிட்டனின் கனரகக் குத்துச்சண்டை வீரர் பிராங்க் புரூனோவின் குத்தை அளந்து 1985-இல் முடிவை வெளியிட்டார்கள். முட்டியின் வேகம் நொடிக்கு 8.9 மீட்டர், உச்ச விசை சுமார் 4,000 நியூட்டன். விசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் அது தரும் உந்தம். ஆனால் குத்து கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அந்த உச்சம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் குறையாமல் நீடித்ததாகத் தாராளமாகக் கொடுத்தாலும் 80 அலகுதான் தேறும். வாங்கியவர் மயங்கி விழலாம்; பறக்க மாட்டார்.

ஆக, நாயகனின் கையில் ஆறு புரூனோக்கள் இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு வியப்பு அவன் காலில்தான்.

அடியாளுக்குக் கொடுத்த அதே 490 அலகு, எதிர்த்திசையில் நாயகனுக்கும் திரும்பி வரும். அதில் கீழ்நோக்கிய பங்கைத் தரை தாங்கிக்கொள்ளும். பின்னோக்கிய பங்கைத் தடுக்க உராய்வைத் தவிர வேறு ஆள் இல்லை. 45 டிகிரியில் குத்திவிட்டு வழுக்காமல் நிற்க, காலுக்கும் தரைக்கும் இடையே உராய்வு எண், அதாவது பிடிப்பின் அளவு, ஏறத்தாழ 1 இருக்க வேண்டும். காய்ந்த கான்கிரீட்டில் நல்ல ரப்பர் டயர் ஓரளவு அதை எட்டும். இவனோ வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல்லின் மேல் நிற்கிறான்! கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்ப்பதால் கண்ணாடியின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொள்ளும் கல் அது. துடைத்த ஈரம் காயுமுன் நடந்தவர்களுக்குத் தெரியும். நியாயப்படி நாயகன் பின்பக்கமாகச் சறுக்கி இரண்டாம் கட்டுக்கே போய்ச் சேர வேண்டும்.

பிள்ளையார்பட்டியில் தேர்வடம் பிடிப்பவர்களைப் பாருங்கள். உடம்பைச் சாய்த்து, குதிகாலை மண்ணில் ஊன்றுவார்கள். தேரை நகர்த்தும் விசை தோளில் பிறந்தாலும் கால் வழியாகத் தரையில் முட்டுக் கொடுத்தால்தான் வேலை செய்யும். அதே ஆட்களை எண்ணெய் தடவிய தளத்தில் நிறுத்தினால் தேர் நிற்கும், ஆட்கள் நகர்வார்கள்.

படப்பிடிப்பில் இந்தச் சிக்கலைத் தீர்ப்பது ஒரு கம்பி. அடியாளின் சட்டைக்குள் வார்ப்பட்டை இருக்கும். அதில் கோத்த கம்பியைக் கிரேன் வழியாக ஆட்கள் சுண்டி இழுப்பார்கள். உந்தம் முழுவதும் கம்பியிலிருந்து வருகிறது. எதிர்விசையைக் கிரேனும் அது நிற்கும் பூமியும் வாங்கிக்கொள்கின்றன. நாயகனின் முட்டி முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். கம்பியைப் பிறகு கணினியில் அழித்துவிடுவார்கள்.

இதை அப்பத்தாவிடம் விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்படியானால் அடித்தது கிரேன்காரன்தானே? மாலையை ஏன் இவனுக்குப் போடுகிறார்கள்?" என்றார்.