முதல் பனி எங்கே தங்கும்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்குக் கிழக்கே செங்குத்தாக எழுந்து நிற்கிறது வசாட்ச் மலைத்தொடர். அக்டோபர் கடைசியில் நகரத்து மரங்களில் இன்னும் மஞ்சள் இலைகள் இருக்கும்போதே, மேலே 3,000 மீட்டரில் முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடப்பதுண்டு. பனிச்சறுக்கு மையங்களின் லிஃப்டுகள் ஓடத் தொடங்கப் பெரும்பாலும் நவம்பர் பாதிக்கு மேல் ஆகிவிடும். அதுவரை பொறுக்காதவர்கள், 'ஸ்கின்' என்கிற ரோமப் பட்டையை ஸ்கியின் (காலில் மாட்டும் சறுக்குக் கட்டையின்) அடியில் ஒட்டிக்கொண்டு நடந்தே ஏறுகிறார்கள். அதன் ரோமம் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் நழுவப் பார்த்தால் பனியைக் கவ்வும். உச்சியில் அதைக் கழற்றிவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள்.

சரி, இவ்வளவு பெரிய மலையில் எங்கே போவது?

முதலில் உயரம். நகரம் சுமார் 1,300 மீட்டரில் இருக்கிறது. லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கின் மேல்முனையில் உள்ள ஆல்டா சுமார் 2,600 மீட்டரில். ஒரு கிலோமீட்டர் மேலே ஏறினால் வெப்பநிலை 6.5 டிகிரி குறையும் என்று வைத்தால், கீழே 6 டிகிரியில் மழை பெய்யும்போது ஆல்டாவில் மைனஸ் 2. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றும் மலையில் மோதி மேலேறி, குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே கொட்டுகிறது. ஆல்டாவில் ஒரு பருவத்துக்குச் சராசரியாக 13 மீட்டருக்கு மேல் பனி விழுகிறது. இதற்குப் பக்கத்து உப்பு ஏரிதான் காரணம் என்று அந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஏரியும் உதவுகிறதுதான், ஆனால் பெரும்பங்கு மலையின் உயரத்துக்கே உரியது.

விழுந்த பனி தங்குவதற்கு நிழல் வேண்டும். லிட்டில் காட்டன்வுட் கிழக்கு மேற்காக ஓடும் பள்ளத்தாக்கு. முதல் பனி விழுந்து சில நாள் வெயிலடித்தபின் சாலையில் நின்று பார்த்தால், தெற்கு பார்த்த பக்கம் பழுப்புப் பாறையாகவும் வடக்கு பார்த்த பக்கம் வெள்ளையாகவும் தெரியும். கணக்கு எளிது. நவம்பர் தொடக்கத்தில் இங்கே நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 34 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறுகிறது. நேர் வடக்கு பார்த்த சரிவு அதைவிடச் செங்குத்தாக இருந்தால், நாள் முழுக்க நேர் வெயில் படாது.

அப்புறம் காற்று. மேற்கிலிருந்து வீசும் காற்று முகடுகளில் கிடக்கும் பனியை வாரி மறுபக்கத்தில் சேர்க்கும். அதனால் வடகிழக்கு பார்த்த உயரமான சரிவுகளில்தான் ஆழம் அதிகம். அடியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். ஆல்டாவுக்கு மேலே உள்ள அல்பியன் பேசின் கோடையில் காட்டுப்பூக்கள் நிறைந்த புல்வெளி. அதன் புற்பரப்பில் அரை மீட்டர் பனி இருந்தாலே சறுக்கலாம். பாறைக்குவியலின் மேல் ஒரு மீட்டர்கூடப் போதாது, முதல் பனி லேசான தூளாக இருந்தால் இன்னும் மோசம். ஸ்கி அதற்குள் மூழ்கி நேராகக் கல்லில் போய் இடிக்கும்.

இதுவரை படித்தவர், உயரமான, வடக்கோ வடகிழக்கோ பார்த்த, செங்குத்தான நிழற்சரிவைத்தான் தேர்ந்தெடுப்பார். வசாட்சில் பருவத் தொடக்கத்தில் மிக ஆபத்தான இடமும் பெரும்பாலும் அதுதான்.

பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேற்பரப்பு, தெளிந்த இரவு வானத்துக்கு வெப்பத்தை இழந்து மைனஸ் 10-க்குப் போகிறது என்று கொள்வோம். பனி 40 சென்டிமீட்டர்தான் இருந்தால், மீட்டருக்கு 25 டிகிரி வித்தியாசம். மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினாலே பனியின் குணம் மாறத் தொடங்கும். கீழே உள்ள துகள்களிலிருந்து நீராவி கிளம்பி மேலேறி, மேலே குளிர்ந்த துகள்களில் படியும். சில வாரங்களில் ஒன்றோடொன்று ஒட்டாத, பட்டை தீட்டிய பெரிய படிகங்களாகிவிடும். குழி தோண்டி அந்த அடுக்கைக் கையுறையில் அள்ளிப் பார்த்தால், சீனியைப் போலப் பொலபொலவென்று விரலிடுக்கில் கொட்டும். அழுத்தினாலும் உருண்டை பிடிக்காது.

வெயில் பக்கத்தில் அக்டோபர் பனி உருகிப் போய்விடுவதால் இந்த அடுக்குக்கு அங்கே அவ்வளவாக இடமில்லை. நிழற்சரிவில்தான் அது காத்திருக்கிறது. நவம்பர் புயல் அதன்மேல் கனமான பலகையாகப் பனியைப் போர்த்துகிறது. ஒருவர் ஏறி நின்றதும் அடி அடுக்கு 'உம்ப்' என்று அமுங்கும் சத்தம் கேட்கும். சரிவு போதுமான அளவு செங்குத்தாக இருந்தால் பலகை முழுவதும் பெயர்ந்து ஓடும். இப்படிப்பட்ட பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் நடக்கின்றன. வெயில் படாமல் பனியைக் காக்கும் சாய்வுகளும் இதே வரம்பில்தான் விழுகின்றன.

ஆகவே நல்ல இடம் என்று நான் சொல்வது இதைத்தான்: உயரத்தில், நிழலில், புல்தரைமேல், 30 டிகிரிக்கும் குறைந்த சாய்வில், தலைக்குமேல் செங்குத்துச் சரிவு எதுவும் தொங்காத இடம். சாய்வை அளக்கக் கைபேசியே போதும். யூட்டா பனிச்சரிவு மையத்தின் அறிக்கையை வாசிக்காமலும், பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவியான டிரான்சீவர், துழாவுகோல், மண்வாரி இல்லாமலும் கிளம்பவே கூடாது. இன்னும் திறக்காத சறுக்கு மையத்தின் ஓடுதளத்தையும் காட்டுச்சரிவாகவே கருத வேண்டும், ஏனென்றால் அங்கே வெடிவைத்துப் பனியை இறக்கிப் பாதுகாப்பு செய்யும் வேலை முடிந்திருக்காது.

அக்டோபரில் பனியே விழாத ஆண்டு சறுக்குபவர்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் நவம்பர் புயல் வெறும் தரைமேல் விழுவதால் சீனி அடுக்கு இல்லாமலே பருவம் தொடங்கும். விழுந்த ஆண்டிலும் வழி இருக்கிறது. ஜனவரிக்குள் பனி இரண்டு மீட்டராகிவிட்டால், அதே மைனஸ் 10-க்கு வித்தியாசம் மீட்டருக்கு 5 டிகிரியாகக் குறையும். படிகங்கள் மெல்ல உருண்டு, மறுபடியும் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். நவம்பரில் ஒதுங்கிப்போன சரிவை அதன்பிறகு மறுபடி பரிசீலிக்கலாம்.