சொல் விளக்கம்: குறுக்கீட்டளவியல்

இன்டர்ஃபெரோமெட்ரி: ஒரே பொருளிலிருந்து வரும் அலையை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, சேரும்போது உண்டாகும் வெளிச்சப் பட்டைகளையும் இருட்டுப் பட்டைகளையும் ஆராய்ந்து அந்தப் பொருளின் அளவையும் அமைப்பையும் கண்டுபிடிக்கும் முறை. தமிழில் குறுக்கீட்டளவியல்.

அகராதிக்கு இவ்வளவு போதும். ஆனால் வேலூர்ப் பக்கம் 'குறுக்கே' என்றாலே நினைவுக்கு வருவது 'பெரியவங்க பேசும்போது குறுக்கே பூந்து பேசாதே' என்கிற அதட்டல்தான். வெளிச்சத்துக்குக் குறுக்கே வெளிச்சம் போனால் என்ன ஆகிவிடும்?

ஆங்கிலச் சொல்லின் முன்பாதியான 'இன்டர்ஃபியர்' என்பதன் பூர்வீகம் இன்னும் மோசம். பழைய பிரெஞ்சில் 'ஒருவரையொருவர் அடித்துக்கொள்' என்ற பொருளில் இருந்த வினை அது. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில், குதிரை நடக்கும்போது ஒரு காலின் குளம்பு மற்றக் காலில் இடித்துக்கொள்வதற்கு அதைச் சொன்னார்கள். அப்புறம் பொதுவாகத் தலையிடுவதற்கு ஆனது. 1800-களின் தொடக்கத்தில் தாமஸ் யங் ஒளி ஒரு அலை என்று வாதாடியபோது இதை இயற்பியலுக்குள் கொண்டுவந்தார். வாலில் இருக்கும் 'மெட்ரி', அளவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

அடிதடியும் இல்லை, தடையும் இல்லை என்பதைப் பார்க்க வேலூர்க் கோட்டை அகழி போதும். (பாலாற்றங்கரைக்காரர்களுக்கும் இதைச் சொல்லலாம்; ஆற்றில் தண்ணீர் ஓடும் வருடமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.) சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு கற்களை ஒரே நேரத்தில் போட்டால், இரண்டு வளையங்கள் விரிந்து சந்திக்கும். சந்தித்த இடத்தில் மேடும் மேடும் சேர்ந்தால் பெரிய மேடு; மேடும் பள்ளமும் சேர்ந்தால் தண்ணீர் அசையாமல் கிடக்கும். தாண்டிய பிறகு இரண்டு வளையங்களும் பழுதில்லாமல் தங்கள் வழியே போய்விடும். முதல் வகையை ஆக்கக் குறுக்கீட்டு விளைவு என்றும் இரண்டாவதை அழிவுக் குறுக்கீட்டு விளைவு என்றும் பிளஸ் டூ இயற்பியல் பாடம் சொல்கிறது. ஒளியில் இவை பொலிவுப் பட்டையாகவும் கரும் பட்டையாகவும் தெரியும்.

இதை வைத்து விண்மீனை எப்படி அளப்பது? அருந்ததியிடமிருந்தே தொடங்கலாம். அம்மி மிதித்த கையோடு, பகல் பத்து மணிக்கு மண்டபத்துக்கு வெளியே அழைத்துவந்து வானத்தைக் காட்டி 'தெரிகிறதா' என்று கேட்பார்கள்; மாப்பிள்ளையும் பெண்ணும் தெரிகிறது என்று தலையாட்டுவார்கள். இரவில் பார்த்தால் உண்மையிலேயே தெரியும். சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரும் அருகில் மங்கலாக அருந்ததியும். வசிஷ்டரைச் சிறு தொலைநோக்கியில் பார்த்தால் அவரே இரண்டாகப் பிரிவார், இடைவெளி 14 வில்நொடி. (ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு வில்நொடி. முழுநிலவின் குறுக்களவு ஏறத்தாழ 1800 வில்நொடி.) அந்த இரண்டில் பெரியது மறுபடியும் இரண்டு! இதை 1889-ல் நிறமாலையை (ஒளியை நிறங்களாகப் பிரித்த பட்டையை) வைத்து ஹார்வர்டில் கண்டார்கள். ஒன்றையொன்று இருபதரை நாளில் சுற்றும் இரும விண்மீன் அது. இடைவெளியோ சுமார் 0.01 வில்நொடி. எந்தத் தொலைநோக்கியில் பார்த்தாலும் ஒரே புள்ளிதான்.

குறுக்கீட்டளவியல் இங்கேதான் கைகொடுக்கிறது. இரண்டு கண்ணாடிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டிலிருந்தும் வரும் ஒளியைச் சேர்த்தால் பட்டைகள் விழும். விண்மீன் ஒற்றைப் புள்ளியாக இருந்தால் பட்டைகள் பளிச்சென்று இருக்கும். இரண்டாக இருந்தால் இரண்டும் தனித்தனியே பட்டை போடும். கண்ணாடிகளை நகர்த்திக்கொண்டே போனால், ஒன்றின் பொலிவுப் பட்டை சரியாக மற்றதன் கரும் பட்டைமேல் விழும் இடம் வரும். அங்கே பட்டைகளே மறைந்துவிடும். சம பிரகாசமுள்ள இரண்டு விண்மீன்கள், 0.01 வில்நொடி இடைவெளி, ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர் என்று போட்டுப் பார்த்தால், பட்டை மறைய வேண்டிய கண்ணாடித் தொலைவு ஏறத்தாழ 5.7 மீட்டர். அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கியின் தலைமேல் மைக்கெல்சனும் பீஸும் பொருத்திய சட்டம் 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர். 1920 டிசம்பரில் அதே சட்டத்தை வைத்துத்தான் திருவாதிரையின் விட்டத்தை 0.047 வில்நொடி என்று அளந்தார்கள். 1925-ல் பீஸ் வசிஷ்டரைப் பிரித்துக் காட்டினார்.

சித்திரை நட்சத்திரத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அதுவும் இரும விண்மீன், நான்கே நாளில் ஒரு சுற்று. ஆஸ்திரேலியாவின் நராப்ரையில் 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் இரண்டு பெரிய ஒளிவாங்கிகளை ஓடவிட்டு ஹான்பரி பிரவுன் குழு அதன் சுற்றுப்பாதையை அளந்தது. அங்கே ஒளியை நேரடியாகச் சேர்க்கவில்லை. இரண்டு பக்கமும் ஒளியின் செறிவு ஏறி இறங்குவதை ஒப்பிட்டார்கள். அதனால் அந்த வகைக்குச் செறிவுக் குறுக்கீட்டளவியல் என்று பெயர் வைக்கலாம்.

இனி நம்மூர். ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர் வானாய்வகம். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தபோது அது வட ஆற்காடு மாவட்டம். அப்புறம் வேலூர் மாவட்டம், 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டம் மாறினாலும் காற்றின் தொல்லை மாறவில்லை. அவ்வளவு பெரிய கண்ணாடி கணக்குப்படி 0.06 வில்நொடி வரை பிரித்துக் காட்ட வேண்டும். மேலே கொந்தளிக்கும் காற்று விண்மீனை ஒரு வில்நொடிக்கும் அதிகமாக அப்பிவிடுகிறது. 1970-ல் பிரான்ஸின் லபேரி இதற்கு ஒரு வழி சொன்னார். சில பத்து மில்லிநொடிக்குள் படமெடுத்தால் காற்று உறைந்தது போல இருக்கும். விண்மீன் ஒரே அப்பலாக விழாமல் நூற்றுக்கணக்கான நுண்புள்ளிகளாகச் சிதறி விழும். இரும விண்மீன் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஜோடி, எல்லா ஜோடிகளும் ஒரே திசையில், ஒரே இடைவெளியில். பல படங்களைக் கணக்கிட்டுச் சேர்த்தால் அந்த ஜோடித்தனம் பட்டைகளாக எழுந்து வரும். இந்த ஸ்பெக்கிள் (நுண்புள்ளி) முறையில் 1990-களில் காவலூரில் இரும விண்மீன்களை அளந்தார்கள். 'புள்ளிக் குறுக்கீட்டளவியல்' என்றால் பொருள் சட்டென்று விளங்கும். இரண்டு தொலைநோக்கிகள் இல்லாமல் இது எப்படிக் குறுக்கீடு என்று கேட்கலாம்: ஒரே கண்ணாடியின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வரும் ஒளிதான் இங்கே ஒன்றோடொன்று சேர்கிறது.

இந்த முறையால் அளந்த இன்னொரு வான்பொருள் குவேசார்; அந்தச் சொல்லையும் பார்த்துவிடலாம். 'விண்மீன் போலத் தெரியும், ரேடியோ அலைகளை உமிழும் பொருள்' என்ற நீண்ட ஆங்கிலப் பெயரை 1964-ல் ஹாங்-யீ சியூ சுருக்கினார். அதன்பின் பார்த்தால் பெரும்பாலான குவேசார்கள் ரேடியோவில் மங்கலானவை! எனவே முழுப் பெயரைத் தமிழாக்குவது ஆங்கிலத்தில் விழுந்த பிழையையும் சேர்த்துச் சுமப்பதாகும். குவேசார் என்றே இருக்கட்டும்.

குவேசார்களில் முதலில் அடையாளம் தெரிந்தது 3சி 273. 1963-ல் மார்ட்டன் ஷ்மிட் அதன் செம்பெயர்ச்சியை (ஒளியின் அலைநீளம் கூடிச் சிவப்புப் பக்கம் நகர்வதை) கண்டபோது, அது விண்மீன் இல்லை, வெகுதொலைவில் இருக்கும் ஏதோ என்று புரிந்தது. தொலைவு 200 கோடி ஒளியாண்டுக்கும் மேல். சித்திரை இருக்கும் அதே கன்னி ராசித் திசையில்தான் இதுவும் இருக்கிறது. அதன் நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றும் வாயு, வானத்தில் வில்நொடியின் லட்சத்தில் சில பங்கு மட்டுமே. 2018-ல் சிலியின் பரனாலில் நான்கு 8 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்த்து, அந்த வாயு சுழல்வதையே பார்த்துவிட்டார்கள். சுழற்சியை வைத்துக் கருந்துளைக்கு ஏறத்தாழ 30 கோடி சூரியன்களின் நிறை என்று கணக்கிட்டார்கள். ரேடியோவில் கண்டம் விட்டுக் கண்டம் வாங்கிகளை வைக்கிறார்கள். அணுக்கடிகார நேரத்தோடு பதிவுசெய்து, பிற்பாடு ஓரிடத்தில் சேர்ப்பார்கள்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். குறுக்கு + இடு. 'இடு' என்பது 'ஈடு' என்று நீண்டு பெயராகிறது, முறையீடு, மதிப்பீடு போல. இலங்கைப் பாடநூல்களில் 'தலையீடு' என்பார்கள். அந்தச் சொல்லில் அதிகார வாடை கூடுதல். எனக்குக் குறுக்கீடே மேல். ஒன்றைக் குறுக்கே இடுவது என்ற நேர்ப் பொருளில் தடை எதுவும் இல்லை, இரண்டு வளையங்கள் ஒன்றின் குறுக்கே ஒன்று போவதைத்தான் அது சொல்கிறது. 'மேற்பொருந்துதல்' இன்னும் துல்லியம் என்று சிலர் சொல்லலாம், ஆனால் அது அலைகளைக் கூட்டும் பொது விதிக்கு ஏற்கெனவே பெயராகிவிட்டது.

கருவிக்குக் குறுக்கீட்டுமானி எனலாம்; வெப்பமானி, அழுத்தமானி பழகியவர்களுக்கு அது இயல்பாக வரும். 'மானி' வடமொழி என்று கருதுபவர்கள் குறுக்கீட்டளவி என்று எழுதலாம், தவறில்லை. வானொலியில் கேட்கும் இரைச்சலுக்கு மட்டும் குறுக்கீடு என்ற சொல்லைப் போடாதீர்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்; தமிழில் அதற்கு 'இடையூறு' இருக்கிறது.