மூச்சை இழுக்காமல் நில்லுங்கள்

டேப்பை இடுப்பில் சுற்றியதும் முக்கால்வாசிப் பேர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். நான் டேப்பைப் பிடித்தபடியே ஏதாவது கேட்பேன். "பொண்ணு எந்தக் காலேஜ்ல சேர்ந்திருக்குங்க?" பதில் சொல்ல மூச்சை விட்டாக வேண்டுமே. அப்போது டேப் காட்டுவதைத்தான் நோட்டில் எழுதுவேன்.

கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் 19 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் மூன்று வருடம் ஓசூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். சட்டைக்கு இடது கை வைப்பது என் வேலை. வலது கை எதிர் மெஷின் அக்காவுக்கு. அந்த மூன்று வருடத்தில் முழுதாக ஒரு சட்டைகூட நான் தைத்தது கிடையாது. ரெடிமேடைக் குறை சொல்ல வரவில்லை, என் பையனும் அதைத்தான் போடுகிறான். ஆனால் அது வெட்டப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நீள மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மின்சாரக் கத்தியால் ஒரே ஓட்டமாக வெட்டுவார்கள். அத்தனை அடுக்கும் 40 என்ற ஒரு நம்பருக்கு. மார்பு 40 இருக்கிற ஆளுக்குத் தோள் எப்படி, முதுகு எப்படி, கை எவ்வளவு என்று கத்திக்குத் தெரியாது.

அந்த நம்பரும் நம் உடம்பை அளந்து வந்ததல்ல. பல கம்பெனிகள் வெளிநாட்டு அளவுப் பட்டியலைத்தான் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வைத்துக்கொள்கின்றன. இந்தியர்களுக்கென்று ஓர் அளவுப் பட்டியல் வேண்டும் என்று நிஃப்ட் என்கிற மத்திய அரசு ஃபேஷன் கல்வி நிறுவனம் ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கும் வேலையை எடுத்ததே சில வருடங்களுக்கு முன்புதான். அந்த ஆறில் நமக்குப் பக்கத்து ஊர் என்றால் பெங்களூரு. அதனால் கடைக்கு வந்து "என் உடம்பு வாகுக்கு எதுவும் செட் ஆகாதுங்க" என்று யாராவது தலையைக் குனிந்தால் எனக்குக் கோபம்தான் வரும். செட் ஆகாதது சட்டை. அதற்கு ஏன் உடம்பு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

போன மாசி மாதம் ஒரு பெரியவர் வந்தார். பேத்தி கல்யாணத்துக்கு பர்கூரில் போய்ச் சட்டைத் துணி எடுத்திருந்தார். "இன்னாம்மா, எந்தச் சட்டை போட்டாலும் ஒரு பக்கம் இழுத்துக்கினு நிக்குது. கடைக்காரன் பெரிய சைஸ் போடுன்றான். அதுவும் அப்படித்தான்" என்றார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் கவனித்துவிட்டேன். வலது தோள் இடது தோளைவிட முக்கால் இஞ்சு தாழ்ந்திருந்தது. மாங்காய்க் கூடையும் மூட்டையும் அந்தத் தோளிலேயே நாற்பது வருடம் தூக்கியவர். மேல்முதுகு லேசாகக் கூன். தோள் தாழ்ந்த பக்கம் கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக ஒரு மடிப்பு விழும், கூன் இருந்தால் பின்பக்கம் சட்டை மேலே ஏறும். சைஸைக் கூட்டினால் மடிப்பும் சேர்ந்து பெரிதாகும், அவ்வளவுதான். வலது பக்கம் தோளையும் அக்குளையும் முக்கால் இஞ்சு இறக்கி வெட்டினேன், பின்பக்க நீளத்தில் ஒரு இஞ்சு கூட்டினேன். போட்டுப் பார்த்தவர் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ரெண்டு தோளும் ஒண்ணாக் கீதே" என்றார். ஒன்றாக இல்லை பெரியப்பா, சட்டைதான் அப்படிக் காட்டுகிறது.

துணியில் அக்குள் வெட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நிறையப் பேர் தலைகீழாக நினைக்கிறார்கள். "கையைத் தூக்கினா ஜாக்கெட் மேல ஏறுது, அக்குளை நல்லா லூஸாக் குடுங்க" என்பார்கள். லூஸாக என்றால் இறக்கமாக வெட்டச் சொல்கிறார்கள். இறக்கினால் இன்னும் மோசமாகும். கை வைத்த இடம் உடம்பின் அக்குளைவிட எவ்வளவு கீழே போகிறதோ, கையைத் தூக்கும்போது அவ்வளவு துணி சேர்ந்து மேலே வரும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் இன் பண்ணிய சட்டை வெளியே வந்துவிடுவது இதனால்தான். எல்லோருக்கும் நுழைய வேண்டும் என்பதால் ரெடிமேடில் அக்குளை ஆழமாக விடுவார்கள். அக்குளுக்கு ஒட்டி வெட்டி, கைக்குத் தேவையான அகலம் கொடுத்தால், உறியில் இருக்கிற டப்பாவை எட்டி எடுத்தாலும் ஜாக்கெட் இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் தடவை போடும்போது கொஞ்சம் டைட் போலத் தோன்றும். இரண்டு நிமிடம் கையை ஆட்டிப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

ஜாக்கெட்டுக்குக் கிராஸ் கட் கேட்பவர்களும் உண்டு. முன்பக்கத் துணியைக் குறுக்கு வாக்கில் சாய்த்து வெட்டினால், ரப்பர் இல்லாமலே துணி இழுத்துக் கொடுக்கும். ஆனால் சாய்த்து வெட்டத் துணி கூடுதலாக வேண்டும். புடவையோடு வருகிற 80 சென்டிமீட்டர் பிட்டைக் கொடுத்துவிட்டு, முழங்கை வரை கையும் கேட்டு, கிராஸ் கட்டும் கேட்டால் நான் எங்கே போக? ஒரு மீட்டர் கொண்டு வாருங்கள். லைனிங் துணியை முந்தின நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, காய வைத்து, தேய்த்த பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் உள்துணி சுருங்கி, மேல்துணி கொப்புளம் போட்ட மாதிரி நிற்கும். உங்கள் டெய்லரிடம் "லைனிங்கை நனைச்சீங்களா?" என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு டெய்லரைப் பாருங்கள்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கடை வைத்த முதல் வருடம் முகூர்த்த ஜாக்கெட் ஒன்று வந்தது. கைக்கு வருகிற பார்டர் அளந்து வைத்தாற்போல இருந்தது, கூடுதலாக ஒரு விரல்கடை கிடையாது. நான் இரண்டு கையையும் இடது கையாக வெட்டிவிட்டேன். ஓசூர் பழக்கம்! கையின் முன்பக்க வளைவு ஆழமாகவும் பின்பக்கம் ஆழம் கம்மியாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி வந்து மேஜையில் கிடந்ததைப் பார்த்து வயிற்றைக் கலக்கியது. பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். வளைவை இரு பக்கமும் சமன் செய்து, தோள் மேல் சின்னக் கொசுவம் வைத்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. பின்பக்கம் லேசாகப் பிடித்தது என்று அந்தப் பெண் இரண்டு வருடம் கழித்து என்னிடமே சொன்னாள், வளைகாப்பு ஜாக்கெட் தைக்க வந்தபோது. இன்றைக்கும் கையை வெட்டும்போது இரண்டு துண்டையும் எதிரெதிராக வைத்துப் பார்க்காமல் கத்தரியைக் கீழே வைப்பதில்லை.

அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஓடாதீர்கள். நீங்கள் கொடுப்பது நாலு வருடம் துவைத்து, இரண்டு தடவை பிரித்துத் தைத்த ஜாக்கெட். அதைப் போட்டுக்கொண்டு வந்து, இங்கே பிடிக்கிறது, இங்கே தொங்குகிறது என்று காட்டினால் பாதி வேலை முடிந்தது. ஆண்கள் பேண்டுக்கு அளவு கொடுக்கும்போது, எப்போதும் போடுகிற செருப்போ ஷூவோ போட்டு நில்லுங்கள். பாக்கெட்டில் வைக்கிற போனையும் பர்ஸையும் வைத்தபடியே அளக்கச் சொல்லுங்கள். ரெடிமேடில் தையலுக்கு உள்ளே அரை இஞ்சு மிஞ்சினால் அதிகம். நாங்கள் பக்கத் தையலில் ஒரு இஞ்சுக்கு மேல் விட்டுத் தைப்போம். பிள்ளை பெற்றாலும், மாத்திரையால் உடம்பு போட்டாலும், ஒரு தையலைப் பிரித்தால் அதே ஜாக்கெட் திரும்ப வரும்.

இன்னொன்றை எழுதலாமா என்று யோசித்தேன். என்னிடம் தைக்க வந்த ஒரு அம்மாவைப் பற்றியது. அவரிடமே கேட்டேன், "பேர் போடாம எழுதும்மா, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். ஒரு மத்தியானம் வந்து, ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். மார்பில் கட்டி வந்து ஒரு பக்கம் எடுத்திருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து ஒரு வருடமாக வெளியே போனால் மேலே சால்வை, பங்குனி வெயிலிலும். ஜாக்கெட்டின் உள்ளே, எடுத்த பக்கம் மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை வைத்துத் தைத்தேன், மார்புக்குப் பதிலாக வைக்கிற பேட் ஒன்றை அதில் செருகிக்கொள்ளலாம், துவைக்கும்போது எடுத்துவிடலாம். முதலில் வெறும் பஞ்சு பேட் வைத்துப் பார்த்தோம். எடை இல்லாததால் அந்தப் பக்கம் ஜாக்கெட் மேலே ஏறியது. எடை உள்ள சிலிக்கான் பேட் வாங்கி வந்ததும் சரியாக உட்கார்ந்தது. அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கு அந்தக் கை வீங்க வாய்ப்பு உண்டு. அதனால் அந்தக் கையை மட்டும் ஒன்றரை இஞ்சு தளர்த்தி, விளிம்பில் எலாஸ்டிக்கோ இறுக்கமான பைப்பிங்கோ இல்லாமல் முடித்தேன். கையைப் பின்னால் கொண்டுபோக முடியாது என்பதால் கொக்கி முன்பக்கம்.

இப்படி ஏதாவது இருந்தால் டெய்லரிடம் சொல்லுங்கள். விரல் நடுங்குகிறவருக்குக் காஜாவை, அதாவது பட்டன் ஓட்டையை, பெரிதாக எடுக்கலாம், பட்டனுக்குப் பதில் ஒட்டுகிற பட்டை வைக்கலாம். ஒரு கால் குட்டையாக இருந்தால் பேண்டின் இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கலாம். எங்களுக்கு இது நோட்டில் ஒரு வரி கூடுதல்.

அந்த அம்மா ஷட்டரை முழுசாகத் தூக்கச் சொல்லி, சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போனார்.

தைக்கக் கொடுப்பதாக இருந்தால் ஆடியில் வாருங்கள். முகூர்த்தம் கிடையாது, மாங்காய் சீசனும் முடிந்திருக்கும், கடையில் கூட்டம் இருக்காது. நிதானமாக அளப்பேன், பாதி தைத்ததைப் போட்டுப் பார்க்கவும் நேரம் இருக்கும். ஆவணி பிறந்து, கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பையைத் தூக்கிக்கொண்டு வந்து "நாளைக்கு வேணும்க்கா" என்றால், எனக்கும் இரண்டு கைதான்.